எறும்பிலும் நால்வருணமா?

"எறும்புக்கும் சாதி உண்டு! ராஜ எறும்பு உண்டு, காவல் எறும்பு உண்டு, ஏவல் எறும்பு உண்டு. ஏவல் எறும்பு என்றைக்காவது ராஜ எறும்பாக ஆசைப்பட்டதுண்டோ? படைப்புக் காலந்தொட்டு அது அப்படியே இருக்கிறது. அற்ப எறும்புக்குள்ள அடக்கம் ஆறறிவு படைத்தவனுக்கு இல்லாமற் போயிற்றே!"

இப்படி உருகினாராம் புராணிகர் ஒருவர். உருகியவர் தாமாக ஏவல் வேலைக்குப் போனதாகத் தகவல் இல்லை. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், திண்டுக்கல்லுக்கு மேற்கே இருக்கிற கன்னிவாடிப் பகுதித் தோழர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு நமக்கு எழுதியிருக்கிறார்கள். "கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். எறும்பைக் காட்டிப் பேசுகிறாரே, எறும்பு பொய் சொல்லுமா என்று எங்களையே கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?" என்பது அவர்கள் கேள்வி.

எறும்பு பொய் சொல்லாது, தோழர்களே! எறும்பின் பேரால் பேசுகிறவர்கள்தான் சொல்வார்கள். புராணத்தைக் காட்டி வருணத்தைக் காத்த காலம் போய்விட்டது. முகத்திலே ஒருவன் பிறந்தான், காலிலே ஒருவன் பிறந்தான் என்று சொன்னால் இன்று பள்ளிப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். ஆகவே விஞ்ஞானத்தின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அதே பழைய சரக்கு வருகிறது. "இயற்கையே இப்படி" என்பது புதுப் பல்லவி. நாமும் இயற்கையையே சாட்சிக்கு அழைப்போம். இன்றைய எறும்பை மட்டுமல்ல, செத்துக் கல்லாகிப் போன எறும்பையும் கூண்டிலே ஏற்றுவோம். "படைப்புக் காலந்தொட்டு" என்று வாய் கூசாமல் சொல்கிறாரே, அந்தக் காலத்துச் சாட்சிகள் உலகத்துக் காட்சிச்சாலைகளிலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன!

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எறும்பு நூல்களிலே ராணி, வேலைக்காரி என்ற பிரிவுகளை ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்று எழுதுகிறார்கள். பார்த்தீர்களா, வெள்ளைக்கார விஞ்ஞானியே சாதி என்கிறான் என்று புராணிகர் பூரிக்கலாம். அந்தச் சொல் எங்கிருந்து போனது? போர்த்துகீசியர் இந்த நாட்டுக் கரையில் இறங்கி, மனிதனை மனிதன் தொடாத விந்தையைக் கண்டு, தங்கள் மொழியில் குலத்தைக் குறிக்கும் 'காஸ்டா' என்ற சொல்லை அதற்குச் சூட்டினார்கள். அது ஆங்கிலத்தில் ஏறிற்று. பூச்சிகளை ஆராய்ந்தவர்கள் பிற்பாடு அதை எறும்புக்கும் தேனீக்கும் இரவல் வாங்கினார்கள். ஆக, நம் வீட்டுக் கறையை எறும்பின் நெற்றியில் பூசிவிட்டு, "எறும்பின் நெற்றியிலும் கறை இருக்கிறது, ஆகவே அது கறையல்ல, இயற்கை" என்று வாதாடுகிறார்கள். திருடிய நகையைத் தெருக்கோடி வீட்டில் ஒளித்துவைத்து, அந்த வீட்டுக்காரனையே சாட்சிக்கு அழைக்கும் சாமர்த்தியம் இது!

இனி, 'ஆதிமுதல்' என்ற கதைக்கு வருவோம்.

கன்னிவாடித் தோழர்கள் தங்கள் ஊருக்குப் பின்னே நிமிர்ந்து நிற்கும் மலையைத்தான் முதலில் கேட்க விரும்புவார்கள். அந்த மலை இந்த வழக்கில் சாட்சி சொல்லாது. பழனி மலைத்தொடரின் பாறை பெரும்பாலும் சார்னக்கைட் என்னும் கருங்கல் வகை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லை ஆராய்ந்து, 1893இல் ஹாலண்டு என்னும் நிலநூலார் இட்ட பெயர் அது. நம் மலைக்கு ஒரு கம்பெனிக்காரன் கல்லறையிலிருந்து பெயர் வந்த கதையைத் தனியே எழுதலாம், இங்கே வேண்டாம். இந்தப் பாறை பூமியின் ஆழத்திலே கொடும் வெப்பத்தில் வெந்து இறுகியது. கடைசியாக அது அப்படி வெந்ததே 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். நிலத்திலே பூச்சி என்று ஒன்று ஊர்வதற்கும் முந்திய கல்லிலே எறும்பைத் தேடுவது, தாத்தா பிறக்குமுன் எழுதிய பத்திரத்தில் பேரன் கையெழுத்தைத் தேடுவது போன்றது.

வண்டலும் மணலும் படிந்து இறுகிய பாறைதான் உயிர்ச்சுவட்டைக் காக்கும். நம் நாட்டில் அது இல்லாமலில்லை. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் நிலநூலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில் அத்தகைய மரங்கள் ஏராளம். அவற்றுக்குப் பண்டிதர்கள் என்ன விளக்கம் தந்தார்கள் தெரியுமா? வக்கிராசுரனைக் கொன்றபோது சிதறிய எலும்புகளாம்! மரத்தின் வளையமும் நரம்பும் கண்ணுக்கு முன்னே தெரிய, அதை அசுரன் எலும்பு என்று நம்பவைத்த மூளைதான் இன்று எறும்பைப் பற்றியும் நமக்குப் பாடம் சொல்ல வருகிறது.

எறும்பு மரத்தைப் போலப் பருமனானதல்ல. மண்ணிலே விழுந்தால் மட்கிப் போகும். ஏரியடியில் படிந்த மெல்லிய களிமண்ணிலே சில எறும்புகள் அச்சாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் எறும்பைக் காத்துத் தந்த பெரிய கருவூலம் அம்பர். கோவிலிலும் வீட்டிலும் புகைபோடும் குங்கிலியத்தை அறிவீர்கள். மரத்தின் காயத்திலிருந்து வடியும் பிசின் அது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அப்படி வடிந்த பிசினிலே, அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்த எறும்பு ஒட்டிக்கொண்டது. மேலும் பிசின் வடிந்து அதை மூடிற்று. மரம் வீழ்ந்தது, மண் மூடிற்று, பிசின் இறுகி மணியாயிற்று. உள்ளே எறும்பு, காலின் மயிர்கூட உதிராமல்! மயிரெண்ணிப் பார்க்கத்தக்க அந்தச் சாட்சியத்தின் முன், எந்தப் புராணத்தின் ஏடு நிற்கும்?

1966இல் அமெரிக்காவின் நியூஜெர்சிக் கடற்கரையில் ஃப்ரே என்னும் தம்பதியர் ஓர் அம்பர்த் துண்டைக் கண்டெடுத்தார்கள். அதில் இரண்டு எறும்புகள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்டு வில்சன் கைக்கு அது வந்தபோது, ஆவல் மிகுதியால் கை நடுங்கித் தரையில் போட்டு உடைத்தே விட்டாராம். நல்லவேளை, துண்டுக்கு ஓர் எறும்பாகப் பிரிந்தது, எறும்புக்குச் சேதமில்லை. அடுத்த ஆண்டே, 1967இல், வில்சனும் கார்ப்பெண்டரும் பிரவுனும் அதற்கு ஸ்ஃபெகோமிர்மா என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். குளவியெறும்பு என்று பொருள். வயது 9 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதற்கு முன் கிடைத்திருந்த எறும்புகளெல்லாம் இதற்குப் பல கோடி ஆண்டு இளையவை.

ஏன் குளவியெறும்பு? அதன் தாடையிலே குளவிக்கு உள்ளதுபோல் இரண்டே பல். உணர்கொம்பின் முதற்கணு குளவியினுடையதைப் போல் குட்டை. ஆனால் இடுப்பிலே எறும்பின் முடிச்சு! மார்பின் பக்கத்திலே எறும்புக்கே உரிய சுரப்பி! பாதி குளவி, பாதி எறும்பு. எறும்பின் மூதாதை குளவி இனத்தைச் சேர்ந்தது என்று விஞ்ஞானிகள் முன்பே கருதியிருந்தார்கள். அத்தகைய பிராணி ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தும் இருந்தார்கள். எதிர்பார்த்த பலவும் அம்பருக்குள் அப்படியே இருந்தன. யாகம் வளர்த்து வரவழைத்ததல்ல, தோழர்களே; அறிவு கணக்கிட்டது, மண் ஆமென்றது.

அப்படியானால் 'படைப்புக் காலந்தொட்டு' என்பது என்னாயிற்று? எறும்பே படைப்புக் காலத்தில் இல்லையே! பூமியின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல். இதுவரை கிடைத்த எறும்புகளில் மூத்தது, பிரேசில் நாட்டின் சுண்ணாம்புக் கல்லில் கண்டு 2025இல் அறிவிக்கப்பட்டது. வல்கானிட்ரிஸ் என்பது அதன் பெயர், 11 கோடியே 30 இலட்சம் ஆண்டு அதன் வயது. எறும்பு வருமுன் உலகம் கோடானுகோடி ஆண்டுகள் ராஜ எறும்பும் இல்லாமல், ஏவல் எறும்பும் இல்லாமல், புராணிகரும் இல்லாமல் சுழன்றுகொண்டுதான் இருந்தது.

பிரேசிலின் அந்த எறும்பு ஒரு விசித்திரக் குலத்தைச் சேர்ந்தது. அந்தக் குலத்தை முதலில் காட்டிக் கொடுத்தது பர்மா. நம்மவர் வியாபாரத்துக்கும் கூலிக்கும் சென்ற அதே பர்மாவின் வடகோடியில், கச்சின் மக்கள் வாழும் ஹுகாங் பள்ளத்தாக்கில், அம்பர் வெட்டுகிறார்கள். சுமார் 9 கோடியே 90 இலட்சம் ஆண்டு வயதுடையது. அதிலிருந்து 1996இல் ருஷ்ய அறிஞர் டுலூஸ்கி ஒரு எறும்பை எடுத்துக் காட்டினார். நரக வாசலின் நாய் என்று கிரேக்கர் கதை கட்டிய பிராணியின் பெயரை அதற்கு வைத்தார். அதனால் அந்தக் கூட்டத்துக்கே நரக எறும்புகள் என்று பெயர் வந்துவிட்டது. இன்றுள்ள எந்த எறும்பும் தாடையைக் கத்தரிக்கோல்போலப் பக்கவாட்டில்தான் அசைக்கும். இவையோ அரிவாள் போன்ற தாடையைக் கீழிருந்து மேலாக வீசின! 2016இல் கண்ட ஒன்றின் தலையில் நீண்ட கொம்பு. 2017இல் கண்ட மற்றொன்றின் கொம்பு உலோகச் சத்தால் உரமேறியது. இரத்தம் குடிக்கும் டிராகுலாவின் கதைக்கு மூலமான மன்னன் விளாடின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். தாடை எப்படி வேலை செய்தது என்று சிலர் ஐயுற்றார்கள். 2020இல் அதற்கும் விடை வந்தது: கரப்பானுக்கு உறவான ஒரு பூச்சியைத் தாடைக்கும் கொம்புக்கும் நடுவே கவ்விய நிலையிலேயே ஒரு நரக எறும்பு பிசினுக்குள் உறைந்து கிடந்தது. நரகத்தைக் காட்டி மனிதரை மிரட்டிக் காசு பறித்தவர்கள் உண்டு. மெய்யான நரகவாசியைக் காட்டியவர்கள் இந்தப் பூச்சி ஆராய்ச்சியாளர்கள்தான்!

இந்த அம்பரின் மீது படிந்துள்ள இரத்தத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2017இல் பர்மிய இராணுவம் அந்தச் சுரங்கப் பகுதியைப் பிடித்துக்கொண்டது. கச்சின் மக்கள் ஆயிரக்கணக்கில் அகதிகளானார்கள். அம்பர் விற்ற பணம் துப்பாக்கிக்குப் போகிறது என்பதால், பர்மாவிலிருந்து வரும் புதிய அம்பரை ஆராய்ச்சிக்கு வாங்காதீர்கள் என்று முதுகெலும்பி உயிர்ச்சுவட்டு அறிஞர்களின் சங்கமே 2020இல் வேண்டிக்கொண்டது. விஞ்ஞானத்துக்கும் மனச்சான்று வேண்டும் என்று விஞ்ஞானிகளே பேசினார்கள். மலைப்பிரசங்கிகள் எத்தனை பேர் தங்கள் தட்டில் விழும் காசின் மூலத்தை விசாரிக்கிறார்கள்?

நிற்க. இங்கே புராணிகர் துள்ளிக் குதிக்க ஓர் இடம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமல்ல. அதே பர்மா அம்பரிலே வேலைக்கார எறும்புகள் கும்பலாக அகப்பட்டிருக்கின்றன. சிறகு முளைத்த ராணியும் சிறகில்லாத வேலைக்காரியும் ஒரே இனத்தில் கிடைத்திருக்கின்றன. இரண்டு வேறு இனத்து எறும்புகள் ஒன்றையொன்று கடித்தபடியே செத்திருக்கின்றன. பார்டனும் கிரிமால்டியும் 2016இல் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார்கள். "ஆ! பத்துக் கோடி ஆண்டுக்கு முன்பே ராணியும் ஏவலாளும் உண்டு என்று நீரே ஒப்புக்கொண்டீர்" என்பார்.

ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்டபின் கேட்கிறோம்: அந்த ராணிகள் இப்போது எங்கே? நரக எறும்பின் குலம் வேரோடு அழிந்தது. ஸ்ஃபெகோமிர்மாவின் குலமும் அழிந்தது. இராட்சதப் பல்லிகள் மடிந்த 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுக்கு முந்திய பேரழிவுக்குப் பின் அவற்றின் சுவடே இல்லை. ராணி இருந்தாள், வேலைக்காரி இருந்தாள், கட்டுப்பாடு இருந்தது, ஒருவரும் ஆசைப்படவில்லை. அழிவு மட்டும் நிற்கவில்லை. சனாதனம் என்றால் என்றும் உள்ளது என்று பொருள் சொல்கிறீர்கள். எறும்பினத்தில் 'என்றும் உள்ளது' எது என்று காட்டுங்கள் பார்ப்போம்! செத்தழிந்து உயிர்ச்சுவடாக மட்டும் தெரிகிற எறும்பு இனங்கள் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் எழுநூறுக்கும் மேல். ஜெர்மனியில் மெஸ்ஸல் என்ற இடத்தில் 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ராணி எறும்புக்குச் சிறகு விரித்தால் 15 சென்டிமீட்டர் அகலம்! தேன்சிட்டுப் பருமன்! உலகில் எறும்பு வாழ்ந்த காலமெல்லாம் நாமறிந்த மகாராணி அவள்தான். அவள் குலத்தில் ஒரு குஞ்சும் இன்று இல்லை. (இந்தியாவில் நாயினும் சிறிய, நரியினும் பெரிய எறும்புகள் தங்கம் தோண்டுவதாக கிரேக்கன் ஹெரடோட்டஸ் எழுதிவைத்தான்; பாரதத்திலும் எறும்புப் பொன் வருகிறது. அளந்து பார்த்தவர்களுக்கு அகப்பட்டது தேன்சிட்டுதான். அதுவே போதுமான அதிசயம்.)

இலங்கைக்கு வாருங்கள். அங்கே அனூரீட்டஸ் சிமோனி என்று ஒரு சிற்றெறும்பு. 1893இல் இத்தாலிய அறிஞர் எமரி பெயர் வைத்தார். அதன் உறவினர்களைத் தேடினால் எங்கே கிடைக்கிறார்கள்? பால்டிக் கடலோரத்து அம்பரில்! அமெரிக்காவின் கொலராடோவில் ஏரிமண் இறுகிய கல்லில்! ஒரு காலத்தில் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவி வாழ்ந்த ஒரு பெருங்குடும்பம், எல்லாம் மாண்டு, கடைசி வாரிசு ஒன்று இலங்கையின் ஈரக்காட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1955இல் வில்சன் இரத்தினபுரிக்கு அருகே கிலிமலைக் காட்டில் அதைத் தேடிக் கண்டார். இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் அது இருக்கிறது. பழம்பெருமைக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அதைக் காப்பது காடேயன்றிப் பழம்பெருமை அல்ல. காடு வெட்டினால் அதுவும் போகும்.

"இதெல்லாம் அந்நிய நாட்டுச் சங்கதி, நம் புண்ணிய பூமியில் அப்படியல்ல" என்பவர்க்கும் பதில் உண்டு. குசராத்தில் சூரத் மாவட்டம், வஸ்தான் என்னும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நம் நெய்வேலியில் தோண்டுகிறார்களே, அதே வகை நிலக்கரி. அங்கே 5 கோடி ஆண்டுக்கும் முந்திய அம்பர் கிடைத்தது. வடிந்த மரமும் நமக்கு அந்நியமல்ல. குங்கிலிய மரக் குடும்பம்தான்! லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்து அறிஞரும், ஜெர்மனியரும், அமெரிக்கரும் சேர்ந்து 150 கிலோ அம்பரைச் சலித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். 700க்கும் மேற்பட்ட பூச்சி முதலிய சிற்றுயிர்கள், 55 குடும்பங்கள், நூறு இனங்களுக்குக் குறையாமல். எறும்பும் அதில் உண்டு.

முடிவு என்ன தெரியுமா? இந்தியத் துண்டு ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் விட்டுப் பிரிந்து, கடலில் நெடுங்காலம் தனித்து மிதந்து வந்து ஆசியாவை முட்டியது என்பது நிலநூல். அப்படித் தனித்து வந்த நிலத்தில் தனித்த உயிர்களே இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். அம்பரோ வேறு கதை சொல்லிற்று. உள்ளே இருந்த பூச்சிகள் பலவற்றுக்கு உறவு வட ஐரோப்பாவில், ஆசியாவில், மத்திய அமெரிக்காவில்! கடல் சூழ்ந்தும் கலப்பு நிற்கவில்லை. தீண்டாத தூய்மை என்று ஒன்று இந்த மண்ணின் பூச்சிக்கே இருந்ததில்லை; மனிதனுக்கு இருந்ததாம், நம்ப வேண்டுமாம்!

செத்த எறும்பின் சாட்சியம் இது. உயிரோடிருக்கும் எறும்பையும் இரண்டு கேள்வி கேட்டுவிடுவோம்.

ராணி எறும்பு ராணிக்குப் பிறந்தது, வேலைக்கார எறும்பு வேலைக்காரிக்குப் பிறந்தது என்றா நினைக்கிறீர்கள்? இரண்டும் ஒரே தாயின் முட்டை! பெரும்பாலான இனங்களில், ஒரே வகை முட்டை கிடைக்கும் தீனிக்கும் சூட்டுக்கும் பராமரிப்புக்கும் தக்கபடி ராணியாகவோ வேலைக்காரியாகவோ வளர்கிறது. நன்றாக ஊட்டினால் ராணி, குறைத்து ஊட்டினால் வேலைக்காரி. இதையா சாதிக்கு உவமை சொல்வது? இது சாதியின் மேல் வைத்த குற்றப்பத்திரிகை அல்லவா! ஊட்டத்தையும் ஏட்டையும் மறித்துவைத்துவிட்டு, "இவன் பிறவியிலேயே இப்படி" என்று சொன்ன மோசடியை எறும்பு அம்பலப்படுத்துகிறது. வேலையிலும் நிலைத்த பிரிவு கிடையாது. பல இனங்களில் இளம் எறும்பு வளைக்குள்ளே குஞ்சுகளைப் பேணும்; வயதானபின் வெளியே இரைதேடப் போகும். தோட்டி மகன் தோட்டி என்ற சட்டம் எந்த எறும்பு வளையிலும் இல்லை. அந்த ராணியும் ஆட்சி செய்பவள் அல்லள், முட்டையிடுபவள். கட்டளை பிறப்பித்ததாக எவரும் கண்டதில்லை.

பிறப்பே தீர்மானிக்கும் எறும்பு ஒன்றுகூட இல்லையா என்று கேட்டால், உண்டு. அமெரிக்கப் பாலைநிலத்து அறுவடை எறும்புகள் சிலவற்றில் வேலைக்காரியா ராணியா என்பது பரம்பரைக் கூறினால் முடிவாகிறது. ஆனால் எப்படி? ராணி தன் வழியில் வந்த ஆணோடு கூடினால் ராணி பிறக்கும். வேற்று வழியில் வந்த ஆணோடு கூடினால்தான் வேலைக்காரி பிறக்கும். வேற்று வழி ஆண் வாய்க்காவிட்டால் வேலைக்காரி இல்லை. வேலைக்காரி இல்லாவிட்டால் கூடே இல்லை! கலப்பு மணம் நடந்தால்தான் குடும்பம் பிழைக்கும் என்ற இந்த எறும்பைப் பற்றியும் ஒருநாள் கதாகாலட்சேபம் நடத்தலாமே!

"ஏவல் எறும்பு ராஜ எறும்பாக ஆசைப்பட்டதுண்டோ?" என்று கேட்டாரே, அதற்குத் தென்னாட்டு எறும்பே பதில் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒரு தாவும் எறும்பு வாழ்கிறது. பெரிய கண், நீண்ட தாடை, இரையின் மேல் பாயும். மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டான், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851இல் மதராஸ் இலக்கிய விஞ்ஞான ஏட்டில் வெளியிட்டபோது இதற்குப் பெயர் சூட்டினார். இந்த எறும்பின் வளையில் ராணி இறந்துவிட்டால் என்ன நடக்கிறது? வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்துப் பல நாள் போட்டியிடுகின்றன. வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. நேற்றைய ஏவலாள் இன்று ராணியின் இடத்தில்! வெறும் பதவி மாற்றமல்ல, உடலே மாறுகிறது. சில மாதமே வாழவேண்டியது சில ஆண்டு வாழ்கிறது. சூல் பெருக்கிறது, மூளை சுருங்குகிறது. (பதவி கிடைத்ததும் மூளை சுருங்குவதில் எறும்பு நம் அமைச்சர்கள் சிலரை ஒத்திருக்கிறது.) அந்த எறும்பைப் பதவியிலிருந்து இறக்கினால் பழையபடி வேலைக்காரியாகிறது, மூளையும் மீண்டும் வளர்கிறது என்று 2021இல் காட்டினார்கள். ஏறவும் இறங்கவும் வழியுள்ள ஏணியைக் காட்டி, ஏறக்கூடாது என்று உபதேசம் செய்தவரை என்னவென்று அழைப்பது?

புற்றைப் பற்றியும் ஒரு சொல். கன்னிவாடிப் பக்கமும் புற்றுக்குப் பால் வார்ப்பார்கள், நாகத்தின் வீடாம். எறும்பின் வீடுமல்ல, பாம்பின் வீடுமல்ல, தோழர்களே. கறையான் கட்டியது. கறையான் எறும்பே அல்ல; கரப்பானுக்குச் சொந்தம். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை என்று நம் பாட்டன்மார் சொன்னார்கள். கட்டியவன் எவன், குடியிருப்பவன் எவன், பாலைக் குடிப்பவன் எவன் என்று அந்தப் பழமொழியிலேயே அவர்கள் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சான்று இருந்தும் புராணிகர் சொன்னதற்குக் கூட்டம் தலையாட்டியதே, ஏன்? தலையாட்டியவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 2018 சனவரியில், ஒன்றிய அரசின் கல்வித்துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் கண்டதாகச் சொல்லவில்லை என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்தன. யாரும் காணவில்லையாம்! குளவி எறும்பானதையும் எவரும் உட்கார்ந்து பார்க்கவில்லைதான். பாதி வழியில் இருந்ததைப் பிசின் பிடித்து வைத்திருக்கிறது. திருடியதைக் கண்டவன் இல்லாவிட்டாலும் கால்தடத்தை வைத்துக் கள்ளனைப் பிடிக்கிறதே காவல்துறை; காவல்துறையிலே பெரிய பதவி வகித்தவர்தாம் அந்த அமைச்சர்!

அது பேச்சோடு போகவில்லை. ஒன்றிய அரசின் பாடநூல் நிறுவனம், தொற்றுநோய்க் காலச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தது. நோய் தணிந்தபின் 2023இல் வந்த நூலிலும் அது திரும்பவில்லை. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். "பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே" என்பது வந்த சமாதானம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலை எடுத்துப் படிக்கும் பிள்ளை எத்தனை? பத்தோடு அறிவியலை விட்டுக் கணக்குக்கும் வணிகத்துக்கும் தொழிலுக்கும் கூலிக்கும் போகிற பிள்ளைகள் எத்தனை? விடுபட்டவர்கள் காதில் நாளைக்கு விழப்போவது புராணிகர் குரல் ஒன்றுதான்.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். கன்னிவாடித் தோழர்கள் அந்தப் புத்தகம் ஒன்றும், கைக்கடக்கமான பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிப் படிப்பகத்தில் வைக்கட்டும். மாலையில் வரும் பிள்ளைகளிடம் கண்ணாடியைக் கொடுத்து, வாசற்படியில் ஊரும் எறும்பின் இடுப்பு முடிச்சை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கூரையில் கூடு கட்டும் குளவியின் இடுப்பை. குளவியிடம் சற்றுத் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள். அது இன்னும் கொட்டும்.